கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு வீடியோவையும் எடுத்துப்போங்கள்

வீட்டில் இருக்கும் சொந்த வீடியோக்களை டிவியில் போட்டு அம்மாவுக்குக் காட்ட வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். இதற்காக ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். டிவியின் விலையைச் சேர்க்காமலே இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் போனது. அதில் பாதிக்கு மேல் எந்த உபயோகமும் இல்லாமல் போன பணம். கடைக்காரர்கள், ஸ்டூடியோகாரர், கம்ப்யூட்டர் சென்டர் தம்பி என்று கேட்ட இடமெல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நீடாமங்கலம் பக்கம். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2004-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்து கொடுத்தார், சின்ன மினி டிவி (MiniDV) கேசட் போடும் வகை. இந்த ‘டிவி’ தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். அன்றிலிருந்து அப்பா எடுத்துக்கொண்டே இருந்தார். மேட்டூர் திறந்த சேதி வந்ததும் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார். வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேமராவோடு கிளம்பிவிடுவார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் முதல் தண்ணீர், சம்பா அறுப்பு, திருவாரூர் தேர், எங்கள் தென்னந்தோப்பு எல்லாம் கேசட்டில் இருக்கின்றன. பிறகு மெமரி கார்டு போடும் கேமரா வந்தது, அதற்குப் பிறகு போன். 2016 மகாமகத்தில் கும்பகோணத்துக் கூட்டத்தில் நின்று போனில் எடுத்தார். இவற்றுக்கெல்லாம் முன்னால் அத்தை கல்யாணத்தின் பழைய வீடியோ கேசட் ஒன்றும், அண்ணன் முறைக்காரர்களின் கல்யாண டிவிடிகளும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. அந்தத் தோப்பு இப்போது இருப்பது அப்பாவின் வீடியோவில் மட்டும்தான். அப்பா போன பிறகு அம்மா ஒருநாள், “அவர் எடுத்ததையெல்லாம் ஒருதரம் பாக்கணும்டி, பெரிசா பாக்கணும்” என்றார். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். நான்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் இருந்த டிவி பழையது. தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்ச் போட்டு 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினேன். விற்பனையில் இருந்த தம்பியிடம் தெளிவாகவே கேட்டேன், பென் டிரைவில் எங்கள் சொந்த வீடியோ போட்டால் ஓடுமா என்று. “எல்லாம் ஓடும்க்கா, 4கே டிவி இது” என்றார். கடையில் அவர்கள் வைத்திருந்த பென் டிரைவைச் சொருகி ஒரு அருவியையும் மீன் தொட்டியையும் காட்டினார். பளபளவென்று ஓடியது. வீட்டுக்கு வந்து எங்கள் ஹார்டு டிஸ்க்கைப் போட்டபோது டிவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பென் டிரைவுக்கு மாற்றிப் போட்டேன். மகாமகம் ஓடியது. அப்பாவின் இரண்டாவது கேமராவில் எடுத்த ஃபைல்கள் பட்டியலிலேயே வரவில்லை. கல்யாண டிவிடி துண்டு துண்டாக வந்தது. தம்பி மகனின் பிறந்தநாள் வீடியோவில் படம் வந்தது, சத்தம் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி விடு, இன்னொரு நாள் பாக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார். அன்று இரவு எனக்கு வந்த அழுகை டிவிக்காக வந்தது அல்ல.

கடைக்காரரைக் கேட்டால், டிவியில் குறை இல்லை, உங்கள் ஃபைலில்தான் கோளாறு என்றார். அதே ஃபைல் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. அப்படியானால் யாரிடம் கோளாறு? இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆனது. விஷயம் இதுதான். வீடியோவின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. என்பதெல்லாம் மூட்டை மாதிரி. மூட்டையைப் பார்த்து உள்ளே பொன்னியா குண்டு நெல்லா என்று சொல்ல முடியாது. உள்ளே படத்தை ஒரு முறையில் சுருக்கியிருப்பார்கள், சத்தத்தை வேறொரு முறையில் சுருக்கியிருப்பார்கள். இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். டிவிக்குள் இருக்கும் சிப்புக்கு எந்தெந்தக் கோடெக்கை விரிக்கத் தெரியுமோ அதை மட்டும்தான் விரிக்கும். லேப்டாப்பில் வி.எல்.சி. மாதிரி மென்பொருள் அநேகமாக எல்லா முறையையும் தன் கையிலேயே வைத்திருப்பதால் அங்கே ஓடிவிடுகிறது. ஆகவே “எம்.பி.4 ஓடுமா” என்று கடையில் கேட்பதில் பயன் இல்லை. ஓடும் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் அல்ல.

ஒரு குடும்பத்தின் வீடியோக்களில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முறை. கல்யாண டிவிடியில் இருப்பது எம்பெக்-2. ஒரு டிவிடியைத் திறந்து பார்த்தால் வி.ஓ.பி. என்ற ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்டு வரிசையாக இருக்கும். துண்டு துண்டாக ஓடியதற்குக் காரணம் அதுதான். மினி டிவி கேசட்டிலிருந்து அப்படியே எடுத்த ஃபைல் டி.வி. என்றே பெயருள்ள தனி முறை, அதை இன்றைய டிவி எதுவும் ஓட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெமரி கார்டு கேமராக்கள் எம்.டி.எஸ். என்று முடியும் ஃபைல்களை எழுதின. 2003-ல் வந்த எச்.264 தான் பெரும்பாலான போன் வீடியோக்களில் இருப்பது, அது பெரும்பாலும் எதிலும் ஓடும். 2013-ல் வந்த எச்.265, இதையே ஹெச்.இ.வி.சி. என்றும் சொல்வார்கள், ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் பழைய டிவிகளுக்கு அது தெரியாது. ஐபோன்கள் 2017-லிருந்து இந்த முறையில்தான் பதிவுசெய்கின்றன. இதுபோக, இப்போது கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பெரிய கேமராவில் 10 பிட் 4:2:2 என்ற முறையில் எடுத்த மூல ஃபைல்களைச் சிலர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அது எடிட்டிங்குக்கானது. டிவியிலும், டிவியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் மாதிரி பெட்டிகளிலும் திணறும். ஸ்டூடியோவில் கேட்கும்போதே, மூல ஃபைல் தனியாக, டிவியில் பார்க்க எச்.264 எம்.பி.4 தனியாக என்று இரண்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கஷ்டம் இல்லை. கம்ப்யூட்டரில் வி.எல்.சி.யில் வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் தகவல் வரும். படத்துக்கு என்ன, சத்தத்துக்கு என்ன என்று இரண்டும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். படம் வந்து சத்தம் வராத பிறந்தநாள் வீடியோவில் சத்தம் பி.சி.எம். என்று இருந்தது, தம்பியின் நண்பர் பெரிய கேமராவில் எடுத்தது அது. எங்கள் டிவிக்கு அந்த மூட்டைக்குள் அந்தச் சத்தத்தை எடுக்கத் தெரியவில்லை. டி.டி.எஸ். என்ற ஒலி முறைக்கும் இதே கதைதான். சில டிவி கம்பெனிகள் உரிமத்தை விட்டுவிட்டதால் புது மாடலில் அது ஊமையாகிவிடும், பழைய மாடலில் கேட்கும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், “ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கிப் போடுங்கக்கா, எது போட்டாலும் ஓடும்” என்று ஒருவர் சொன்னதை வைத்து ஆன்லைனில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனி. அட்டையில் 8கே என்று போட்டிருந்தது. உண்மையில் அது 4கே படத்தையே விட்டுவிட்டு ஓட்டியது. கொஞ்ச நேரத்தில் தொட முடியாத அளவு சுட்டது. வாங்கும்போதே அதில் ஏதேதோ செயலிகள் இருந்தன, அழித்தாலும் திரும்ப வந்தன. திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று பணத்தைத் தரவில்லை. பணத்தைவிட எனக்குப் பயம் கொடுத்தது பிறகு படித்த செய்தி. இந்த வகை விலை மலிந்த, சான்று பெறாத பெட்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரல் ஏற்றப்பட்டிருப்பது பேட்பாக்ஸ் என்ற பெயரில் 2023-லிருந்தே பேசப்படுகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கையே வெளியிட்டது. வீட்டு வைஃபைக்குள் உட்கார்ந்துகொண்டு நமக்குத் தெரியாமல் யாருக்கோ வேலை செய்யும் பெட்டி அது. அதே வைஃபையில்தான் நான் போனில் பேங்க் வேலையும் பார்க்கிறேன். கழற்றி எடுத்துவிட்டு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குவதானால் ஆண்ட்ராய்டு டிவி அல்லது கூகுள் டிவி என்று முறையாகச் சான்று பெற்றதா என்று பாருங்கள். முகப்புத்திரை போன் மாதிரி இருந்தாலோ, ப்ளே ஸ்டோருக்குப் பதில் வேறு ஏதோ கடை இருந்தாலோ வேண்டாம். எல்லா சேனலும் எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி விற்கும் பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்து ஒரு ஸ்டூடியோ. எல்லாவற்றையும் எம்.பி.4 ஆக்கிவிட்டால் டிவியிலேயே ஓடிவிடும் என்றார்கள், அது நியாயமாகத்தான் பட்டது. கேசட்டுக்கு நானூறு ரூபாய் என்று பேசி அப்பாவின் மினி டிவி கேசட்டுகளையும் டிவிடிகளையும் கொடுத்தேன். வாரக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஒரு பென் டிரைவில் தந்தார்கள். அம்மாவோடு உட்கார்ந்து போட்டேன். அப்பா ஆற்றங்கரையில் நடக்கும் காட்சியில் அவர் கை கால் ஓரங்களெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக உடைந்து தெரிந்தன. எல்லாரும் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தார்கள். தண்ணீர் ஓடும் இடத்தில் கட்டம் கட்டமாகக் கலங்கியது. “உங்கப்பா இவ்வளவு குண்டா இருந்தாரா?” என்று அம்மா கேட்டபோது எனக்கு ஸ்டூடியோகாரர் மேல் வந்த கோபம் கொஞ்சம் அல்ல.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கேசட் வைத்திருக்கும் வீடுகளில் இழப்பு நடப்பது இந்த இடத்தில்தான். நம் நாட்டு பழைய கேமராக்கள் பால் (PAL) என்ற முறையில் எடுத்தவை. நொடிக்கு 25 படம், ஆனால் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி ஒரு முறை, இரட்டை வரி ஒரு முறை என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 பாதிகளாகப் பதிவாகும். பழைய குழாய் டிவி அதை அப்படியே காட்டியது. இன்றைய தட்டை டிவியில் அதைக் காட்ட இரண்டு பாதிகளையும் முறையாகப் பிரித்து விரிக்க வேண்டும். அதை டீஇன்டர்லேஸ் என்பார்கள். அதைச் செய்யாமல் அழுத்திச் சுருக்கிவிட்டால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிப்போய்விடும், பிறகு எடுப்பது கடினம். அகலம் கூடியது இன்னொரு காரணத்தால். பழைய படம் 4:3, டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்ட வேண்டியதை இழுத்து நிரப்பிவிட்டார்கள். மூன்றாவது, மினி டிவி கேசட்டில் இருப்பதே டிஜிட்டல் பதிவு. ஃபயர்வயர் என்ற கேபிளில் எடுத்தால் கேசட்டில் இருப்பது ஒரு புள்ளிகூடக் குறையாமல் வரும், மணிக்கு 13 ஜிபி அளவு. அவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் வயரில் எடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, “இனிமே கேசட் எதுக்குக்கா, போட்டுடலாமா” என்று அவர்கள் கேட்டபோது நான் தரவில்லை.

பிறகு தஞ்சாவூரில் ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப்பை இன்னும் வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஒரு கேசட்டை ஓட்டி முடிக்க அதன் முழு நீளமும் ஆகும், அவசரப்படுத்த முடியாது. அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்: மாற்றக் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஃபயர்வயரில் எடுக்கிறீர்களா? சுருக்காத மூல ஃபைலைத் தருவீர்களா? 4:3 அப்படியே இருக்குமா? மூல ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டால், பார்ப்பதற்கான பிரதியை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நாமே எச்.264 ஆக எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி டிவியில் பாருங்கள், நடப்பவர்களின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று. சரியாக இருந்தால் மீதியைப் போடுங்கள். பெரிய வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அதை ஓட்டும் வி.சி.ஆர். பெட்டியை உலகத்தில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பான் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது. இனி இருப்பதெல்லாம் பழுதுபார்த்து ஓட்டும் பெட்டிகள்தான். நம் பக்கத்து ஈரக்காற்றில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பூக்கிறது. பூத்த கேசட்டைச் சும்மா போட்டுப் பார்க்காதீர்கள், டேப்பும் போகும், பெட்டியின் ஹெட்டும் போகும்.

நடுவில் தம்பி ஒரு யோசனை சொன்னான். பழைய லேப்டாப்பில் எல்லா வீடியோவையும் வைத்து ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் வைஃபை வழியாக டிவியில் வரும் என்றான். அவனே தூரத்திலிருந்து அமைத்தும் கொடுத்தான். அழகாகத்தான் இருந்தது, படங்களோடு வரிசையாக வரும். ஆனால் எங்கள் ரவுட்டர் கூடத்தில், டிவி உள்ளறையில், நடுவில் பழைய கனத்த சுவர். ஐபோனில் 4கே 60 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி ஆகும் என்பது ஆப்பிளே தரும் கணக்கு. அதாவது நொடிக்கு 50 மெகாபிட்டுக்கு மேல் தொடர்ந்து வர வேண்டும். சுவர் தாண்டிய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அது வரவில்லை. டிவிக்குத் தெரியாத கோடெக்கை லேப்டாப் உடனுக்குடன் மாற்றித் தர வேண்டியிருக்கும், பழைய லேப்டாப் அதில் மூச்சு வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேல், நான் வேலைக்குப் போன பிறகு அம்மா பார்க்க வேண்டுமானால் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் யார் திரும்பப் போடுவது? வீட்டில் இதைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறது, கேபிள் இழுத்திருக்கிறது என்றால் இது நல்ல வழி. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

ஹார்டு டிஸ்க்கை டிவி கண்டுகொள்ளாததற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, கரண்ட். யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதற்கு மேல் கேட்கும். லைட் மட்டும் மின்னும், டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடும். டிஸ்க் போய்விட்டது என்று நான் பயந்தே போனேன். டிவியில் 3.0 துளை இருந்தால் அதில் போடலாம், அது 900 வரை தரும். இல்லாவிட்டால் தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப் வேண்டும். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தத் தொந்தரவு குறைவு. இன்னொரு காரணம், டிஸ்க்கை ஃபார்மேட் செய்த முறை. ஃபேட்32 எல்லா டிவியும் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் அதில் ஏறாது. இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, இப்போதைய டிவிகள் பலவும் படிக்கும், எல்லாம் அல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் என்.டி.எஃப்.எஸ். முறையைப் படிப்பது டிவிக்கு டிவி மாறும். தம்பி மேக்கில் ஃபார்மேட் செய்து அனுப்பிய டிஸ்க்கை எங்கள் வீட்டில் எதுவும் படிக்கவில்லை.

கரண்ட் பற்றி இன்னொன்று. எங்கள் பக்கம் போர் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நாட்களில் வோல்டேஜ் இறங்கி ஏறும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் பட்டியலே கெட்டுவிடலாம். அதனால் வீடியோக்களை ஏற்றுவதை எப்போதும் பேட்டரி உள்ள லேப்டாப்பில் மட்டும் செய்கிறேன். டிவியிலும் பெட்டியிலும் பார்ப்பது மட்டும்தான். டிவிக்கும் பெட்டிக்கும் ஸ்டெபிலைசர் போட்டேன். பார்க்கும் டிஸ்க் ஒன்று, மூலம் இருக்கும் டிஸ்க் வேறொன்று. மூலத்தின் இன்னொரு பிரதி தம்பியிடம் சிங்கப்பூரில் இருக்கிறது. கஜா சமயத்தில் கூரை ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் எத்தனை பிரதி வைத்தாலும் எனக்கு மனம் அடங்காது.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது சான்று பெற்ற ஒரு 4கே ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, ஐயாயிரத்துக்குள் வந்தது. பெரிய யு.எஸ்.பி. துளை அதிலேயே இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஸ்டிக் வகைகளில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது, கரண்ட் வரும் துளையிலேயே ஹப் அல்லது ஓ.டி.ஜி. கேபிள் போட்டுச் சமாளிக்க வேண்டும். ஆப்பிள் டிவி பெட்டியில் பென் டிரைவ் சொருகவே இடம் கிடையாது, வீடு முழுக்க ஐபோனும் நல்ல வைஃபையும் இருப்பவர்களுக்குத்தான் அது. பெட்டியில் வி.எல்.சி.யும், கோடி (Kodi) என்ற வீடியோ செயலியும் போட்டேன். இரண்டும் இலவசம். அப்பாவின் எம்.டி.எஸ். ஃபைல்கள், கல்யாண எம்பெக்-2, பி.சி.எம். சத்தம் எல்லாம் ஓடுகின்றன. கோடியில் இரண்டு அமைப்பை மாற்றியது பெரிய வித்தியாசம் தந்தது. ஒன்று டீஇன்டர்லேஸைத் தானாகச் செய்ய விடுவது. இன்னொன்று, வீடியோவின் வேகத்துக்குத் தக்கபடி டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. பால் வீடியோ 25 அல்லது 50, பெட்டியோ எப்போதும் 60-ல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் திருவாரூர் தேர் நகரும் காட்சி விட்டு விட்டு உதறியது. 50-க்கு மாற்றியதும் தேர் வழுக்கிக்கொண்டு போனது.

டிவிடி மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் இந்தப் பாடெல்லாம் பட வேண்டாம். பழைய டிவிடி பிளேயரைத் தூக்கிப் போடாமல் இருந்தாலே போதும், புது டிவியில் மஞ்சள் பின் இடம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு சின்ன ஜாக் வழியாக இணைக்கலாம். ஆனால் வீட்டில் எழுதிய டிவிடிகள் நிரந்தரம் இல்லை. படிக்கும்போதே டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

போன் வீடியோக்களில் ஒரு கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும், பெரிய டிவியில் கலங்கும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை தரம் குறையாமல் வரும். தம்பியின் ஐபோனில் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் அதிகப் பொருத்தம் உள்ளதைத் தேர்ந்தால் எச்.264-ல் பதிவாகும். பழைய டிவி உள்ள வீட்டுக்கு அனுப்புபவர்கள் அப்படி வைத்துக்கொள்ளலாம். 4கே 60 மட்டும் அதில் கிடைக்காது, குடும்ப வீடியோவுக்கு அது தேவையும் இல்லை.

அம்மாவுக்காகச் செய்தது தனி வேலை. எங்கள் டிவி தமிழ்ப் பெயர்களைக் கட்டம் கட்டமாகக் காட்டியது, பெட்டி நன்றாகக் காட்டுகிறது. ஃபோல்டர்களை “2007 ஆறு தண்ணீர்”, “2009 தோப்பு” என்று வருடத்தில் தொடங்கிப் பெயர் வைத்தேன், தானாகவே வரிசையாக நிற்கும். ரிமோட்டில் அவருக்கு வேண்டிய பட்டன்களுக்கு மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வைத்தேன். இப்போது நான் ஆபீஸிலிருந்து வரும்போது அவரே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சில நாள் பக்கத்து வீட்டு அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்கிறார்.

டிவியோ பெட்டியோ வாங்கக் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். உங்கள் வீட்டின் ஒவ்வொரு காலத்து வீடியோவிலும் ஒன்று: டிவிடியிலிருந்து ஒரு வி.ஓ.பி., பழைய கேமரா ஃபைல் ஒன்று, சாதாரண போன் வீடியோ ஒன்று, 4கே போன் வீடியோ ஒன்று, கல்யாண ஸ்டூடியோ தந்தது ஒன்று. 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலாவது இருக்கட்டும், அதற்காக பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். வீட்டு ஹார்டு டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரின் பென் டிரைவை வேண்டாம் என்று சொல்லி, உங்களுடையதைச் சொருகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் படம், சத்தம், நடுவில் தாண்டிப் போனால் ஒழுங்காக ஓடுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பழைய படத்தில் ஆட்கள் அகலமாகத் தெரிந்தால் 4:3-க்கு மாற்ற வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். கூட்டம் இருக்கும் பண்டிகை நாளில் இதற்கு விடமாட்டார்கள், சாதாரண நாளில் காலையில் போங்கள். முடிந்தால் ரிமோட்டைப் பிடிக்கப்போகிற அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போய், ஒரு வீடியோவை அவர்கள் கையாலேயே எடுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.